முதல் நாள் ஊசி: பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி வருவதும் தடுப்பதும்

குழந்தை பிறந்ததும் தர வேண்டியவை என்று நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் மூன்று இருக்கின்றன. இடது தோளில் பிசிஜி, வாயில் போலியோ சொட்டு, தொடையில் ஹெபடைடிஸ் பி. பிசிஜி அன்றைக்கு விட்டுப்போனால் ஒரு வயதுக்குள் போட்டுக்கொள்ளலாம். முதல் போலியோ சொட்டுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. ஹெபடைடிஸ் பி ஊசிக்கு மட்டும் மணிக்கணக்கு: பிறந்த 24 மணி நேரத்துக்குள். அந்த அவசரம் ஏன் என்று புரிந்தால் இந்த நோயே பாதி புரிந்துவிடும்.

காமாலைகளில் இது எது?

மஞ்சள் காமாலை என்பது ஓர் அடையாளம்தான், நோயின் பெயர் இல்லை. கல்லீரல் தன் வேலையைச் செய்ய முடியாதபோது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இரத்தத்தில் தேங்கி, கண்ணிலும் சிறுநீரிலும் தெரிகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. சில வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் போய்விடும். ஒரே தெருவில், ஒரே பள்ளியில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்றாகக் காமாலை வந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். பார்க்க வேண்டியது குடிநீர்த் தொட்டியை.

பி அப்படிப்பட்டதில்லை. இரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவம் ஆகியவை வழியாகப் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, சுத்தமில்லாத ஊசியால், சோதிக்காத இரத்தத்தால், பாதுகாப்பற்ற உடலுறவால் என்று வழிகள் தெளிவானவை. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே போதும். காய்ந்துபோன இரத்தக் கறையிலும் வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, இருமல், தும்மல், கொசுக்கடி, நீச்சல் குளம், பொதுக் கழிப்பறை: இவற்றால் பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது.

நோயின் போக்கை வயது முடிவு செய்கிறது

பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் புதிதாக வந்தால், அவர் உடலே போராடி 100-ல் 95 பேருக்கும் மேல் அதை வென்றுவிடும். சிலருக்குக் காமாலை கடுமையாக வரும், மாதக்கணக்கில் களைப்பு இருக்கும், ஆனால் வைரஸ் தங்காது. அதே வைரஸ் பிறந்த குழந்தைக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: 100-ல் 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். 1 முதல் 5 வயதுக்குள் வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தங்கும்.

காரணம் சற்று வியப்பானது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. செல்லுக்குள் குடியேறி, தன் மரபுச் சரத்தை அதன் கருவுக்குள் ஒரு சிறு வளையமாக வைத்துவிட்டு, பிரதிகளை எடுத்துக்கொண்டே இருக்கும். நம் எதிர்ப்பாற்றல் அந்தச் செல்லை அடையாளம் கண்டு தாக்கும்போதுதான் கல்லீரல் வீங்குகிறது, காமாலை வருகிறது. ஆக, காமாலை என்பது சண்டை நடக்கிறது என்பதற்கான அடையாளம். பச்சிளம் குழந்தையின் எதிர்ப்பாற்றல் இந்த வைரஸை எதிரியாகவே பார்ப்பதில்லை. சண்டை இல்லை, எனவே காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை. குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, பள்ளிக்கும் போய்வரும். வைரஸும் கூடவே இருக்கும். எவ்வளவு சிறு வயதில் வருகிறதோ, அவ்வளவு சத்தமில்லாமல் வரும், அவ்வளவு நீண்ட காலம் இருக்கும். சிறுவயதில் நிலையான தொற்று பெற்றவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குப் பிற்காலத்தில் கல்லீரல் சுருக்க நோய் அல்லது கல்லீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தில் இருப்பவர்கள். அது பெரும்பாலும் 40, 50 வயதில் வருவதால், பிறந்த அன்று போடாமல் விட்ட ஓர் ஊசியோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேரும், இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேரும் ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள். இவர்களில் பெரும்பகுதியினர் பிறப்பிலோ சிறுவயதிலோ தொற்றைப் பெற்றவர்கள்.

தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி., விடிஆர்எல் ஆகியவற்றோடு எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒன்று இருக்கும். வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்பதை அது சொல்கிறது. பாசிட்டிவ் என்றால் தாய்க்குத் தொற்று உண்டு. அடுத்து எச்.பி.இ.ஏ.ஜி. என்ற இன்னொரு புரதத்தையும் வைரஸ் அளவையும் பார்ப்பார்கள். எச்.பி.இ.ஏ.ஜி.யும் பாசிட்டிவ் என்றால் வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது என்று பொருள். தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் அந்தத் தாய்மாரின் 100 குழந்தைகளில் 70 முதல் 90-க்குத் தொற்று வரும். நெகட்டிவ் என்றால் 10 முதல் 40. அந்தக் குழந்தைகளில் மிகச் சிலருக்கு இரண்டு, மூன்று மாத வயதில் திடீரென்று கல்லீரல் செயலிழந்து போவதும் உண்டு. எனவே எச்.பி.இ.ஏ.ஜி. நெகட்டிவ் என்று அலட்சியமாக இருக்க முடியாது.

வைரஸ் குழந்தையைப் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் அடைகிறது. அங்கேதான் நமக்கு வாய்ப்பும் இருக்கிறது. வைரஸ் உடலில் புகுந்து நோயாக நிலைபெற 1 முதல் 6 மாதம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பாகவே தடுப்பூசி குழந்தையின் உடலில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிட்டால் வைரஸ் கல்லீரலில் காலூன்ற முடியாது. வைரஸோடு ஓட்டப்பந்தயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் வைரஸுக்குக் கொடுக்கும் முன்னிலை.

தாய் பாசிட்டிவ் என்றால் செய்ய வேண்டியவை இவை. பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி 0.5 மில்லி, மறு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் 0.5 மில்லி. பின்னது உடனே வேலை செய்யும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி தன் வேலையைத் தொடங்கும்வரை காவலுக்கு நிற்பது. இரண்டையும் ஒரே இடத்தில் போடக்கூடாது, ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது. தாய்க்கு வைரஸ் அளவு மில்லி லிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், கர்ப்பத்தின் 28-வது வாரம் முதல் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். ஊசி இரண்டும் போட்டும் தொற்று வருவது பெரும்பாலும் இப்படி வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்குத்தான்.

இம்யூனோகுளோபுலின் விலை கூடிய மருந்து. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. அதன் கீழ் இந்த மருந்தும் டெனோஃபோவிரும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிரசவத் தேதி நெருங்கும்போதே, எந்த மருத்துவமனையில் பிரசவமோ அங்கே மருந்து இருப்பில் இருக்கிறதா என்று கேட்டு வைப்பது நல்லது. இரவு 2 மணிக்குக் குழந்தை பிறந்த பிறகு தேட ஆரம்பித்தால் 12 மணி நேரம் ஓடிவிடும். மருந்து கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியையும் நிறுத்தி வைப்பது பெரிய தவறு. தடுப்பூசி மட்டுமே சரியான நேரத்தில் போட்டாலும் கணிசமான பாதுகாப்பு உண்டு.

ஹெபடைடிஸ் பி-க்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. தாய்ப்பால் முதல் மணி நேரத்திலேயே கொடுக்கலாம், ஊசி போடும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

முதல் நாள் ஊசி எங்கே தவறிப்போகிறது?

தாய்க்கு நெகட்டிவ் என்றால் இந்த ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த சோதனைக்குப் பிறகு தொற்று வந்திருக்கலாம். ரிப்போர்ட் எழுதும்போது தவறியிருக்கலாம். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்து, அவர் தினமும் குழந்தையைப் பராமரிப்பவராக இருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதி என்று வைத்ததற்கு இந்த ஓட்டைகள்தான் காரணம்.

பிறந்த மறுநாள், மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு லேசான மஞ்சள் வரும். "காமாலை இருக்கே, காமாலை ஊசி இப்ப போடலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். அந்த மஞ்சள் வேறு, இந்த வைரஸ் வேறு. விளக்கொளியில் வைத்திருக்கும் குழந்தைக்கும் ஊசி போடலாம்.

எடை குறைந்த குழந்தை என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. தாய் பாசிட்டிவ் என்றால் எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் முதல் நாள் ஊசி கட்டாயம். ஆனால் அவ்வளவு சிறிய உடல் அந்த ஊசிக்குச் சரியாகப் பதிலளிக்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு மூன்று முழு ஊசிகள் போட வேண்டும். இந்தக் குறிப்பை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறு ஊரில் தடுப்பூசி போடப் போகும்போது யாருக்கும் தெரியாமல் போகும்.

அரசு மருத்துவமனைகளில் வரும் தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் 10 குழந்தைகளுக்கானது. ஒரே குழந்தைக்காகத் திறந்தால் மீதி வீணாகுமே என்ற தயக்கம் முன்பு பரவலாக இருந்தது. திறந்த குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் சரியாக வைத்திருந்தால், குப்பியின் காலாவதித் தேதியும் வெப்ப அடையாளமும் சரியாக இருக்கும்பட்சத்தில், 28 நாள்வரை பயன்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஒரே குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம், திறக்க வேண்டும்.

இன்னொன்று, வெயிலைவிடப் பனிக்கட்டிதான் இந்தத் தடுப்பூசியின் முதல் எதிரி. மருந்துத்துகளைத் தாங்கியிருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் திரண்டுவிடும். பிறகு உருக வைத்தாலும் ஊசிக்கு வீரியம் இராது. தடுப்பூசி உறைந்ததா என்று சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு: வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய குப்பியோடு சந்தேகக் குப்பியையும் குலுக்கி அருகருகே வைத்தால், கெட்டது அதே வேகத்தில் கீழே படியும். தனியார் மருந்துக் கடையில் வாங்கி, ஐஸ் கட்டிக்கு நடுவே நேராகச் செருகி எடுத்துச் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐஸுக்கும் குப்பிக்கும் இடையே துணியோ தாளோ இருக்கட்டும்.

மீதி ஊசிகள்

முதல் நாள் ஊசிக்குப் பிறகு 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலண்ட் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹிப் கிருமி ஆகியவற்றோடு ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து மருந்து இது. நாட்டிலேயே முதலில் இதைத் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். "பெண்டா போட்டாச்சு, ஹெபடைடிஸ் பி தனியாகப் போடவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம், அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெண்டாவை முதல் நாள் ஊசிக்குப் பதிலாகப் போட முடியாது. கக்குவான் மருந்து அதில் இருப்பதால் 6 வாரத்துக்கு முன் அதைப் போடக்கூடாது. ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல், தொடை வீக்கம் ஆகியவற்றில் பெரும்பங்கும் அந்தக் கக்குவான் பகுதியால்தான். தனி ஹெபடைடிஸ் பி ஊசிக்கு லேசான வலியும் சிலருக்கு ஒருநாள் சூடும் தவிர அதிகம் எதுவும் வருவதில்லை. ஈஸ்ட் செல்லில் வளர்த்த மேலுறைப் புரதம் மட்டுமே அதில் இருப்பதால், ஊசியால் நோய் வர வழியே இல்லை.

ஊசி தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் போக வேண்டும். புட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, எதிர்ப்புப் பொருள் குறைவாகவே உருவாகும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தோள்பட்டைத் தசை.

இடையில் ஓர் ஊசி விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆறு மாதம் இடைவெளி விழுந்தாலும் சரி, மூன்று வருடம் ஆனாலும் சரி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நினைவு செல்கள் மறப்பதில்லை. முந்திக்கொண்டு நெருக்கிப் போடுவதுதான் தவறு.

இந்தத் தடுப்பூசி எவ்வளவு தூரம் மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்குத் தைவான் நல்ல சான்று. அங்கே 1984 ஜூலையில் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-ல் எல்லாப் பச்சிளங் குழந்தைகளுக்கும் ஊசி தொடங்கியது. தைபேயில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 1984-ல் 9.8 சதவீதமாக இருந்த தொற்று, 1999-ல் 0.7 சதவீதமானது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆக, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் மனிதர்களுக்கு வரும் புற்றுநோய் குறையும் என்பதை முதலில் காட்டியது அந்த நாட்டுப் பிள்ளைகள்தான். நம் ஊரில் இந்த ஊசி எல்லாருக்கும் எட்டும் விலைக்கு வரக் காரணமாக இருந்தது, 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த ஷான்வாக்-பி என்ற உள்நாட்டுத் தயாரிப்பு.

ஊசிக்குப் பிறகு எப்போது சோதிப்பது?

சாதாரணக் குழந்தைக்கு ஊசி முடிந்தபின் எந்தச் சோதனையும் வேண்டாம். தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு வேண்டும், அதுவும் 9 மாதத்துக்குப் பிறகு. அவசரப்பட்டு மூன்றாம் மாதம் பார்த்தால் ரிப்போர்ட் குழப்பும். இம்யூனோகுளோபுலினில் வந்த கடன் எதிர்ப்புப் பொருள் அதுவரை இரத்தத்தில் இருக்கலாம். ஊசி போட்ட இரண்டு, மூன்று வாரத்துக்குள் பார்த்தால் ஊசியிலுள்ள புரதமே எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று காட்டிவிடும். ஆன்டி-எச்.பி.சி. என்ற சோதனையைக் குழந்தைக்கு 2 வயதுவரை பார்ப்பதில் பயனில்லை, தாயிடமிருந்து வந்தது அதுவரை நிற்கலாம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவாகவும், ஆன்டி-எச்.பி.எஸ். என்ற எதிர்ப்புப் பொருள் 10 மில்லி யூனிட்டுக்கு மேலும் இருந்தால் குழந்தை காப்பாற்றப்பட்டது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆனால் எதிர்ப்புப் பொருளும் 10-க்குக் கீழே என்றால் ஊசி பிடிக்கவில்லை. மறுபடி போட வேண்டும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் தொற்று வந்துவிட்டது, குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் தொடர வேண்டும்.

பெரிய பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் மூன்று சொற்கள் குழப்பும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்றால் வைரஸ் இப்போது இருக்கிறது. ஆன்டி-எச்.பி.எஸ். என்றால் பாதுகாப்பு இருக்கிறது. ஆன்டி-எச்.பி.சி. என்றால் உண்மையான வைரஸை உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது. ஊசியால் இது வராது. எனவே ஆன்டி-எச்.பி.எஸ். மட்டும் பாசிட்டிவ் என்றால் ஊசியால் வந்த பாதுகாப்பு. அதைப் பார்த்து "பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்" என்று பதறிப்போய் வருகிற பெற்றோர் நிறைய.

பதின்ம வயதில்

தடுப்பூசி தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்தில் வந்தது 2007-08-ல், முதலில் சேர்ந்த 10 மாநிலங்களில் ஒன்றாக. ஆகவே இப்போது கல்லூரி வயதில் இருப்பவர்களில் பலருக்கு இந்த ஊசி கிடைத்திருக்காது. கிடைத்தவர்களிடமும் முதல் நாள் ஊசி இருந்திருக்காது. அட்டை தொலைந்துபோய், போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால், போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு போடுவது சரி. கூடுதல் ஊசியால் கெடுதல் இல்லை.

அட்டவணை எளிது: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் இரண்டாவது, முதலாவதிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றாவதுதான் அதிகம் தவறுகிறது. அரையாண்டு போன பிறகு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கைபேசியில் நாள் குறித்து வையுங்கள். சிறுவர் அளவு 0.5 மில்லி, 10 மைக்ரோகிராம். பெரியவர் அளவு 1 மில்லி, 20 மைக்ரோகிராம். எந்த வயதுவரை சிறுவர் அளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உறையிலுள்ள தாளைப் பார்த்தே போட வேண்டும். இந்த வயதில் ஊசி போட்டதும் மயங்கி விழுவது சகஜம், எனவே உட்கார வைத்துப் போட்டு, 15 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்ல வேண்டும்.

குழந்தைப் பருவத்தில் ஊசி போட்ட பிள்ளைக்கு ஆன்டி-எச்.பி.எஸ். அளவு பதின்ம வயதில் 10-க்குக் கீழே இறங்கியிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. எதிர்ப்புப் பொருள் குறைந்தாலும் நினைவு செல்கள் காத்திருக்கின்றன. வைரஸ் வந்தால் அது நிலைபெறும் முன் விழித்துக்கொள்ளும். நலமாக இருக்கும் பிள்ளைக்கு பூஸ்டர் தேவையில்லை. மருத்துவம், நர்சிங், ஆய்வகப் படிப்பில் சேர்பவர்கள் மட்டும் விலக்கு. அவர்கள் ஆன்டி-எச்.பி.எஸ். பார்த்து, 10-க்குக் கீழே இருந்தால் ஓர் ஊசி போட்டு, 1 முதல் 2 மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர், அடிக்கடி இரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளைகள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஆகியோருக்கும் தனிக் கவனிப்பு வேண்டும்.

ஊசி போடாத பதின்ம வயதினருக்கு ஆபத்து வரும் வழிகளைச் சொல்லிவிடுவது நேர்மை. திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்குக் குத்தும் பச்சை, சலூனில் மாற்றாத பிளேடு, காது மூக்குத் துளைகள், போதை ஊசியைப் பகிர்வது, பாதுகாப்பற்ற உடலுறவு. காதுகுத்துக்கும் மொட்டைக்கும் கூட்டம் நிறைந்த இடத்தில் வரிசையில் நிற்கும்போது, உங்கள் பிள்ளையின் தலையில் படும் முன் பிளேடை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டிய காரியமே இல்லை.

குப்பையில் கிடந்த ஊசி பிள்ளையின் காலில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி ஊசி முழுதாகப் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போடாத பிள்ளைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. சூழ்நிலையைப் பொறுத்து கிலோவுக்கு 0.06 மில்லி இம்யூனோகுளோபுலினும் தருவார்கள். முதல் நாள் குழந்தைக்குச் சொன்ன அதே பந்தயம்தான் இங்கேயும்.

தொற்று இருக்கும் பிள்ளையோடு

எச்.பி.எஸ்.ஏ.ஜி. 6 மாதத்துக்கு மேல் பாசிட்டிவாகவே இருந்தால் நிலையான தொற்று என்று பெயர். பல பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் கல்லீரல் அளவுகள் சரியாகவே இருக்கும். அப்போது மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, கண்காணிப்பு மட்டும்: 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ஏ.எல்.டி. என்ற கல்லீரல் அளவு, எச்.பி.இ.ஏ.ஜி., வைரஸ் அளவு, மருத்துவர் சொல்லும்போது ஸ்கேன். பதின்ம வயதில் எதிர்ப்பாற்றல் திடீரென்று விழித்துச் சண்டை தொடங்கும், ஏ.எல்.டி. எகிறும். சிலருக்கு அதிலேயே வைரஸ் அடங்கும், சிலருக்கு மருந்து தேவைப்படும். டெனோஃபோவிர், என்டகாவிர் இரண்டும் 2 வயதுக்கு மேல் தரக்கூடியவை. அவை வைரஸை அடக்கும், செல்லின் கருவுக்குள் இருக்கும் அந்த வளையத்தை அழிக்காது. எனவே உடம்பு சரியாகிவிட்டதென்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பும்.

முகம், கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போகும் பிள்ளைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்ப்பதும் வழக்கம், இந்த வைரஸ் சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம். நீண்ட நாள் ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ தொடங்கும் முன்பும் இதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உறங்கும் வைரஸ் எழுந்துவிடும்.

வீட்டில் மற்ற எல்லாரையும் சோதித்து, இல்லாதவர்களுக்கு ஊசி போடுங்கள். பிள்ளைக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியும் போடுங்கள். உப்பில்லாத, எண்ணெயில்லாத பத்தியம் வேண்டாம். வளரும் பிள்ளை எல்லாரையும்போலச் சாப்பிட வேண்டும். உடல் பருமன் கூடக் கூடாது, மது என்றைக்கும் கூடாது.

கீழாநெல்லி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988-ல் லான்செட் இதழில் வெளியானது. கீழாநெல்லிப் பொடி உண்டவர்களில் 37-க்கு 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது என்று அது சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் ஒருவர். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லி குடித்துக் காமாலை குணமானதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தானாகவே போகும் ஏ வகை. பிறவியிலிருந்து தங்கியிருக்கும் பி-க்கு அந்த அனுபவம் பொருந்தாது. பெயர் தெரியாத சூரணங்கள் கல்லீரலையே கெடுப்பதும், கையில் சூடு வைப்பது புண்ணை மட்டும் தருவதும் கண்கூடு.

பள்ளிக்கு அனுப்பலாமா? அனுப்பலாம், விளையாட விடலாம், ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாம். தொற்றைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. அடிபட்டு இரத்தம் வந்தால் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கையுறை போட்டுத் துடைத்து, 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற வைத்துக் கழுவ வேண்டும். தொற்று இருப்பது யாருக்கென்று பள்ளிக்குத் தெரிய வேண்டிய அவசியம் அப்போது இருக்காது.

பெண்பிள்ளையாக இருந்தால், வளர்ந்து கல்யாணம் ஆகும் காலத்தில் அவளுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கணவருக்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பதும், கருவுற்றதும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் தன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. நிலையைச் சொல்ல வேண்டும் என்பதும். பிரசவ அறைக்குள் போகும்போது அவள் கையிலிருக்கும் அட்டையில் அது சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கட்டும்.